மூன்று மணி நகல்

துலாம் மாதம், அதாவது ஐப்பசி, பிறந்துவிட்டால் மீனச்சில் ஆற்றங்கரையில் யாருக்கும் கடிகாரம் தேவைப்படாது. காலையில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். மதியம் சோறு தின்று கை கழுவும்போது கிழக்கு மலையில் ஓர் உறுமல் கேட்கும். மூன்று மணிக்கு இடி வந்து ஓட்டின்மேல் உட்கார்ந்துவிடும். அதைச் சாதாரண இடி என்று நினைத்துவிடக் கூடாது. ஓர் இடிக்கு ரப்பர் மரத்துச் சிரட்டைகள் எல்லாம் கவிழும். அடுத்த இடிக்குக் கவிழ்ந்தவை எல்லாம் நிமிரும். அதனால் முதல் உறுமல் காதில் விழுந்ததுமே வீட்டுக்கு வீடு ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவார்கள். பிரசவ வலி எடுத்தவள்கூட, போகிற வழியில் டிவி பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் காரில் ஏறுவாள்.

இந்தக் கலையில் அவிராச்சனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. ஞானஸ்நானப் பெயர் இட்டியவிரா. சார்பதிவாளர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்று, அறுபத்தைந்தை எட்டியவர். உறுமல்வரை காத்திருக்க மாட்டார். காற்றை மோந்து பார்த்தே பிடுங்கிவிடுவார். பாதி அரைத்த தேங்காயோடு மிக்சி நின்றுபோக, மனைவி ரோசக்குட்டி அடுக்களையிலிருந்து, "அச்சாயா, இடி இன்னும் இடுக்கியிலதான் இருக்கு," என்பாள்.

"அங்கேருந்து இங்க வர அது என்ன பஸ்ஸுக்கா நிக்கப் போகுது?" என்பார் அவர்.

ஃபிரிட்ஜும் மிக்சியும் எரிந்தால் வேறு வாங்கலாம். அவர் பதறியது கம்ப்யூட்டருக்காக. அதற்குள் தெக்கேப்பனம்பள்ளிக் குடும்பத்தின் சரித்திரம் இருந்தது. கிறிஸ்துவுக்கு எத்தனையோ நூற்றாண்டு பிந்தித் தொடங்கி, நேற்று ஆஸ்திரேலியாவில் பிறந்த கைக்குழந்தைவரை, நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். யார் யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார், எந்தக் கோயிலில் அடக்கம், எந்த மாமனுக்கு யானை இருந்தது, எந்த யானைக்கு மதம் பிடித்தது, அத்தனையும். வருஷா வருஷம் கூடும் குடும்பயோகம் என்கிற உறவினர் சங்கம் அந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டியது, ஓய்வு பெற்ற அன்று. பத்து வருஷம் இரண்டே விரலால் தட்டினார். தட்டித் தட்டி அந்த இரண்டு விரலும் மற்ற எட்டை விட அரை அங்குலம் தேய்ந்துபோயின என்று ரோசக்குட்டி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அயர்லாந்தில் நர்சாக இருக்கும் மகள் லின்சி ஆகஸ்டில் லீவுக்கு வந்தபோது இந்தப் பத்து வருஷமும் ஒரே பெட்டிக்குள் கிடப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைப் போட்டு, தினமும் ஒரு நேரத்தில் தானே எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளும்படி செய்தாள். சாச்சன் என்று அப்பனைக் கூப்பிடுகிறவள், சாச்சன் எதையும் தொட வேண்டாம், டிஸ்க் சொருகி இருந்தால் போதும், எத்தனை மணிக்கு வைக்கட்டும் என்று கேட்டாள்.

மூன்று மணி என்று சொன்னவர் அவிராச்சன்தான். இரண்டரைக்குப் படுத்தால் நாலுக்கு எழுவார். தான் தூங்கும் நேரத்தில் பெட்டி வேலை செய்யட்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சும்மா இருக்க வேண்டாம் என்பது கணக்கு. ஆகஸ்ட் முழுக்க இடியில்லாத வெறும் மழை. செப்டம்பரில் வெயில். தினம் நாலு மணிக்கு எழுந்து வந்து பார்த்தால் திரையின் மூலையில் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி. அதைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். பார்க்காவிட்டால் காப்பி இறங்காது.

துலாம் பிறந்தது. முதல் நாளே மூன்று மணிக்கு இடி வந்தது. அவிராச்சன் ஓடினார். கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினார். இன்டர்நெட் வரும் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கினார். டிஸ்க்கைப் பிடுங்கித் துவாலையில் சுற்றி மர அலமாரிக்குள் வைத்தார். இடி ஓய்ந்து விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லாவற்றையும் திரும்பச் சொருகினார். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தபோது மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம். 'நேற்றைய நகலை எடுக்க இயலவில்லை. இன்று மூன்று மணிக்கு மீண்டும் முயல்வேன்' என்று இங்கிலீஷில் பணிவாகச் சொன்னது. பணிவாக யார் சொன்னாலும் அவிராச்சன் நம்புவார். போதாததற்கு, முப்பத்திரண்டு வருஷம் மேசைக்கு வந்த எல்லாக் குறிப்புக்கும் கீழே 'கண்டேன்' என்று எழுதி ஒப்பமிட்ட கை அது. ஓகேயை அழுத்தினார். அன்றும் மூன்று மணிக்கு இடி வந்தது.

அந்த வாரத்தில்தான் பெண்ணம்மா கூப்பிட்டாள்.

பெண்ணம்மா அவருக்கு நேர் மூத்தவள். எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாவது. கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் ஒரு நாள் காலை பாலா போகிற பஸ்ஸில் ஏறி, அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் சுகுமாரனோடு நிலம்பூருக்குப் போய்விட்டாள். சுகுமாரன் ஈழவ ஜாதிக்காரன், போதாததற்குச் செங்கொடிக்காரன். அப்பன் அன்றே வேதபுத்தகத்தின் கடைசித் தாளில் பிள்ளைகள் பெயர் வரிசையில் அவள் பெயர்மேல் நீலப் பென்சிலை ஓட்டினார். பென்சில் ஓடின வேகத்தில் ஆதியாகமம்வரை கிழிந்துவிட்டது என்பார்கள். குடும்ப சரித்திரத்தில் நாலாவதுக்கு அப்புறம் ஆறாவது. பத்து வருஷமும் அவிராச்சன் அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் தாண்டியிருந்தார்.

"அவிரா, நான் சேச்சி," என்றது போன். இருபத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் கேட்கிற குரல். "நம்ம குடும்பத்தைப் பத்திப் புத்தகம் போடுறியாமே. யானைக்கெல்லாம் எடம் உண்டாம். எனக்கு உண்டா?"

அவிராச்சன் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"பயப்படாத. நான் சொல்றேன், நீ எழுது. எனக்கு வலது கை போன வருஷமே விழுந்துடுச்சு. வாய் மட்டும் விழல. அது விழாதுன்னு உனக்குத்தான் தெரியுமே."

பதினேழு காலை. மகள் ஷைலஜா அங்கன்வாடி வேலைக்குக் கிளம்புமுன் அவிராச்சன் கூப்பிட, போனை எடுத்து அம்மாவின் தலையணையில் வைத்துவிட்டுப் போவாள். இங்கே அவர் செல்போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தட்டுவார். பத்து மணி முதல் பன்னிரண்டுவரை. கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் பாதிரியாரைப் பார்க்காமல் பக்கத்து வரிசைப் பெண்களையே பார்த்தார் என்று பேச்சாகிவிட்டது. பெண்ணம்மா எதையும் விடவில்லை. நிலம்பூரில் முதல் ராத்திரி கூரையில்லாத வீட்டில் குடை பிடித்துப் படுத்தது, வாழைத்தோட்டத்தில் யானை வந்தபோது சுகுமாரன் பஸ் விசிலை ஊதி அதை இறங்கச் சொன்னது, அவன் கட்சியில் பிளவு வந்தபோது வீட்டில் அடுப்பும் இரண்டாகப் பிளந்தது. அவளே சொல்லி அவளே சிரித்து அவளே இருமுவாள்.

ஒன்பதாம் காலை மட்டும் சிரிக்கவில்லை. மூத்தது ஒரு பெண் பிறந்ததாம். ஷைலஜாவுக்கு நாலு வருஷம் முன்னால். நாலு நாள் இருந்ததாம். நம் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தியின் பெயரைத்தான் இட்டாளாம்.

"அந்தப் பேரை ஒரு எடத்துலயும் எழுதல, அவிரா. நம்ம கோயில்ல எழுதமாட்டாங்க. பஞ்சாயத்துல போய் எழுதறதுக்குள்ள போயிட்டா. சுகுமாரன்தான் பலா மரத்தடியில வெச்சார். அவரும் போயாச்சு. ஷைலஜாகிட்ட நான் சொன்னதில்ல. செத்த அக்கா பேரை அதுக்கு எதுக்குச் சொல்லணும்? இப்ப அது என் வாயில மட்டும்தான் இருக்கு. எழுதிக்கோ."

சொன்னாள். அவர் தட்டினார்.

"திருப்பிச் சொல்லு."

திரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "ம். ஒரு எடத்துல ஆச்சு," என்றாள்.

எழுதி முடித்ததை மனதில் வைத்திருக்கக் கூடாது என்பது அவிராச்சனின் அலுவலகத்துப் பழக்கம். பதிவேட்டில் ஏறியதைத் தலையிலும் சுமந்தால் கழுதைக்கு இரட்டைப் பொதி என்பார். அந்தப் பெயர் காதில் நுழைந்து விரல்வழி இறங்கிப் போயிற்று. நடுவில் எங்கேயும் தங்கவில்லை.

பதினேழாம் காலை அவள் அப்பன் செத்த நாளைச் சொன்னாள். அது அவிராச்சனைப் பற்றியது. எண்பத்து மூன்றில் அப்பன் இறந்தபோது அவள் மூன்று பஸ் மாறி வந்து மழையில் கேட்டுக்கு வெளியே நின்றாள். அண்ணன்மார் அவிராவை அனுப்பினார்கள். அவர் போய், "சேச்சி, எடுக்கிற நேரம். ரகளை வேண்டாம்," என்று சொல்லிக் கேட்டை உள்ளேயிருந்து தாழிட்டார். அவள் கம்பிக்கு நடுவே கையை நீட்டி, ஒரு பூவைக் கொடுத்து அப்பன்மேல் போடச் சொன்னாள். அவர் வாங்கவில்லை.

"அதையும் எழுது," என்றாள் பெண்ணம்மா. எழுதினார். மொத்தம் முப்பத்தொரு பக்கம். ஷைலஜா மதியம் ஒரு போட்டோவை மெயிலில் அனுப்புவாள் என்று சொல்லி வைத்தாள்.

அன்று மதியம் உறுமல் கேட்டது. அவிராச்சன் எல்லாவற்றையும் பிடுங்கினார், தொலைபேசிக் கம்பியைத் தவிர. போட்டோ வந்துகொண்டிருக்குமே, பாதி வழியில் கம்பியைப் பிடுங்கினால் கழுத்தோடு வெட்டுப்பட்டு வந்து சேருமோ என்று அவருக்கு ஒரு எண்ணம். பத்து வருஷம் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தியவர்தான். ஆனாலும் அப்படி நினைத்தார். மூன்று பத்துக்கு மின்னல் தெருக்கம்பத்தில் இறங்கி, அந்தக் கம்பி வழியாக வீட்டுக்குள் வந்து, மேசைக்கு அடியில் ஒரு வெள்ளைப் பூனை வெடித்ததைப் போல வெடித்தது. ரோசக்குட்டி அடுக்களையில் சிலுவை போட்டுக்கொண்டாள். கம்ப்யூட்டரிலிருந்து வந்த புகை சாயங்காலம்வரை ஜன்னல் தாண்டவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால் அவிராச்சன் கலங்கவே இல்லை. அலமாரியைத் திறந்து துவாலையைப் பிரித்து டிஸ்க்கை எடுத்து, பிள்ளையைக் கொஞ்சுவதுபோல் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இதுக்குத்தானே இது, என்று ரோசக்குட்டியிடம் சொன்னார். ஊரில் துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து, நகல் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிரசங்கம் செய்தார். அன்று நிலம்பூருக்குப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? எல்லாம்தான் ஆகிவிட்டதே. புதுப் பெட்டி வர மூன்று நாள், கடைக்காரர் பாலாவிலிருந்து வந்து மாட்ட ஒரு நாள். அந்த நாலு நாளும் அவர் வாழ்க்கையிலேயே இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் லின்சி அயர்லாந்திலிருந்து போனில் வழி சொல்ல, கடைக்காரர் டிஸ்க்கைச் சொருகினார். ஒன்றரை மணி நேரம் ஒரு பட்டை ஊர்ந்தது. எல்லாம் வந்தது. யானை வந்தது. யானைக்காரன் வந்தான். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரு கீறல் இல்லாமல் வந்து நின்றார்கள். ரோசக்குட்டி அச்சப்பம் பொரித்திருந்தாள். கடைக்காரர் நாலு தின்றார்.

அவர் போன பிறகு அவிராச்சன் பெண்ணம்மா என்று தட்டித் தேடச் சொன்னார். அது ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. எழுத்துப் பிழையோ என்று திரும்பத் தட்டினார். பிறகு ஐந்தாவது பிள்ளையின் இடத்துக்குப் போய்ப் பார்த்தார். நாலாவதுக்கு அப்புறம் ஆறாவது.

லின்சிதான் கண்டுபிடித்தாள். "சாச்சா, கடைசி நகல் அக்டோபர் பதினாறு. அதுக்கப்புறம் ஒண்ணுமே ஏறலையே. தெனமும் எச்சரிக்கை வந்திருக்குமே, பாக்கலையா?"

"பாத்தேன்."

"என்ன செஞ்சீங்க?"

"கண்டேன்னு போட்டேன்."

மூன்று மணிக்கு நகல். மூன்று மணிக்கு இடி. மூன்று மணிக்குப் பிளக். தன் கையாலேயே தினமும் நகலைப் பிடுங்கி எடுத்துத் துவாலையில் சுற்றித் தூங்க வைத்திருக்கிறார் என்பது அவிராச்சனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் முதலில் வந்த நினைப்பு முப்பத்தொரு பக்கம் அல்ல. அந்தக் குழந்தை. பெயர் என்ன? வாயைத் திறந்து பார்த்தார். காற்றுதான் வந்தது. மரியம்? மாமி ஒருத்திக்கு... இல்லை. ராகேலா? தலைக்குள் தேடத் தேட யானையின் பெயர்தான் வந்தது.

உடனே நிலம்பூருக்குப் போன் போட்டார். ஒரே ஒரு சொல் போதும், சேச்சி சிரித்துவிட்டுத் திரும்பச் சொல்லிவிடுவாள். ஷைலஜா எடுத்தாள். அம்மாவுக்கு நேற்று ராத்திரி இன்னொரு தாக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பேச்சு போய்விட்டது, இடது கையும் போய்விட்டது என்றாள். மூணு நாளா உங்க போனுக்காகக் காத்திருந்தாங்க, நீங்க ஏன் கூப்பிடலை என்று கேட்டாள்.

அவர் நடந்ததைச் சொன்னார். மின்னல், டிஸ்க், எல்லாம் பத்திரம், அவள் பக்கங்கள் மட்டும் போய்விட்டன. சொல்லும்போதே அது எப்படி இருக்கிறது என்று அவர் காதுக்கே கேட்டது.

"அதாவது," என்றாள் ஷைலஜா, "மின்னல் உங்க வீட்டுக்குள்ள வந்து, நாலாயிரத்து முந்நூறு பேரையும் ஒவ்வொருத்தராப் பாத்து விட்டுட்டு, எங்க அம்மாவை மட்டும் எடுத்துட்டுப் போச்சு. அப்படித்தானே அம்மாவா?"

தாய்மாமனை அம்மாவன் என்று சொல்வது சுகுமாரன் வீட்டு வழக்கம். அவரை அப்படி யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. முதல் தடவையே அப்படி ஒரு கேள்வியோடு வந்தது.

குடும்பயோகத்தின் தலைவர் கோரா சார் அதற்கு நேர்மாறாகச் சந்தோஷப்பட்டார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஓடிப்போனவளுக்கு முப்பத்தொரு பக்கமா என்று மூன்று வாரமாகப் பொருமிக்கொண்டிருந்தவர். செய்தி கேட்டதும் நேரில் வந்து அவிராச்சனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கர்த்தரே திருத்திட்டார் அவிரா. நாம வேற எதுக்குச் சங்கடப்படணும்?"

அவிராச்சன் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. அந்த இரண்டு நாளில் நினைவிலிருந்து தட்டிப் பார்த்தார். முப்பத்தொரு பக்கத்தில் ஆறு தேறியது. யானை விசில் வந்தது, கூரையில்லாத வீடு வந்தது, தேதிகள் எல்லாம் குழம்பின. ஆனால் கேட்டுப் பக்கம் மட்டும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. அவள் நின்ற இடம், குடையின் ஒடிந்த கம்பி, கம்பிக்கு நடுவே நீண்ட கை, தாழ்ப்பாளின் சத்தம். அதற்கு எந்த டிஸ்க்கும் வேண்டியிருக்கவில்லை. தொலையாதா என்று அவர் இருபத்தொன்பது வருஷம் ஏங்கியது தொலையவில்லை. அவள் காப்பாற்றச் சொன்னது தொலைந்துவிட்டது.

ஆறு பக்கத்தையும், அதோடு இன்னொரு தாளையும் அச்செடுத்துக்கொண்டு நிலம்பூருக்கு ரயில் ஏறினார். அந்த இன்னொரு தாள், குடும்பத்துப் பெண்களின் பெயர்ப் பட்டியல். இரண்டாயிரத்துச் சொச்சம் பெண்கள்; ஆனால் இந்தக் குடும்பத்தாருக்குப் பெயர் வைப்பதில் கஞ்சத்தனம் அதிகம், மரியம் மட்டும் நூற்றுப் பதினாலு பேர். ஒரே பெயர்களைக் கழித்துப் பார்த்தால் நூற்றுத் தொண்ணூற்றாறு பெயர். அவற்றில் ஒன்றுதான் அந்தக் குழந்தை.

ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று பெண்ணம்மாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஷைலஜா வாசலில் நின்றபடியே ஆறு பக்கத்தை வாங்கினாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே படித்தாள். கேட்டுப் பக்கம் வந்ததும் மெதுவாகப் படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"அழிக்கணும்னு நெனைச்சிருந்தா," என்றாள், "இதைத்தானே அழிச்சிருக்கணும்."

அவர் பெயர்ப் பட்டியலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க, அம்மாவா. தரை துடைச்சிருக்கு."

பெண்ணம்மா கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தாள். கண் மட்டும் அசைந்தது. அவரைப் பார்த்ததும் வாயின் ஒரு ஓரம் இழுத்தது. அது சிரிப்பா, தாக்கின் கோணலா என்று தெரியவில்லை. அவிராச்சன் ஸ்டூலைப் போட்டுக் காதருகே உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பேரைத் தொலைத்துவிட்டேன் சேச்சி, நம் வீட்டுப் பெயர்கள் எல்லாவற்றையும் படிக்கிறேன், அந்தப் பெயர் வந்ததும் கண்ணை மூடிக் காட்டு என்றார். ஷைலஜா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கொரு அக்கா இருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அகரத்திலிருந்து தொடங்கினார். அக்கம்மா. அச்சாம்மா. அன்னா. ஒவ்வொரு பெயருக்கும் மூச்சு விட்டு, அவள் கண்ணைப் பார்த்து, அடுத்ததற்குப் போனார். பெண்ணம்மா விழித்தபடி கேட்டாள். நாற்பத்து மூன்று வருஷமாக அந்தப் பெயர்களை அவளிடம் யாரும் சொன்னதில்லை. கூட விளையாடினவர்கள், ஒரே பாயில் உறங்கியவர்கள், அவள் தலையில் பேன் பார்த்தவர்கள். மரியம் என்று சொன்னபோது கண் மூடியது. கண்ணோரம் நனைந்தது. அவிராச்சன் குறி போட்டார். உறுதிப்படுத்திக்கொள்ள மறுநாள் முதலிலிருந்து படித்தார். அன்று மரியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ராகேலுக்கு மூடியது. மூன்றாம் நாள் ஏலிக்கு மூடி, வெகுநேரம் திறக்கவில்லை.

மருந்து கொடுக்க வந்த நர்ஸ், இந்த நிலையில் கண் மூடுவதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது, சும்மா படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் அவிராச்சன் தாளைப் பிரித்து அகரத்தைத் தொடங்கினார். பதினொன்றாம் பெயரில் ஷைலஜா வந்து அவர் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கி மடித்தாள். அதற்குக் கொஞ்சம் முன்பே பெண்ணம்மாவின் உயிர் போயிருக்க வேண்டும். அவள் எந்தப் பெயரைக் கடைசியாகக் கேட்டாள் என்பதும் தெரியவில்லை.

பலா மரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். அவிராச்சன் இந்த முறை பூப் போட்டார்.

புத்தகம் அச்சுக்குப் போகும் வேளையில் கோரா சார் வீட்டில் குழு கூடியது. பெண்ணம்மாவுக்கு ஆறு பக்கம் என்பதைக் கோரா சார் எப்படியோ விழுங்கினார். ஆனால் ஒரு வரியில் சிவப்பு வளையம் போட்டு வைத்திருந்தார். 'முதல் பிள்ளை பெண். பெயர் மரியம் அல்லது ராகேல் அல்லது ஏலி. நான்கு நாள்.' நாலு நாள் இருந்த பிள்ளைக்கு மூன்று பெயரா, நூறு வருஷம் இருந்தவனுக்கே நம்மிடம் ஒரு பெயர்தானே, ஊர் சிரிக்காதா என்றார். எடுத்துவிடலாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவிராச்சன் எழுந்து வெளியே போனார். போனவர் கிணற்றங்கரையில் நின்று, சட்டைப்பையிலிருந்து டிஸ்க்கை எடுத்துக் கிணற்றுக்கு நேராக நீட்டினார்.

"வீட்டுப் பெட்டியில உள்ளதை அழிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்," என்றார். "நாலாயிரத்து முந்நூத்துப் பன்னெண்டு பேரும் இதுக்குள்ளதான் இருக்கீங்க சார். உங்க அப்பன், அவரோட அப்பன், யானை, எல்லாரும். அந்த வரி இருக்குமா, இல்ல எல்லாரையும் குளிக்க அனுப்பவா?"

அழித்துவிட்டு வந்தேன் என்றது பச்சைப் பொய். அழிக்கும் பொத்தானின் பக்கமே இப்போது அவர் விரல் போகாது. ஆனால் கை முழங்கைவரை கிணற்றுக்குமேல் இருந்தது, முகத்தில் ரத்தம் இல்லை. கோரா சார் வேட்டி தடுக்க ஓடிவந்து, எட்டடி தள்ளி நின்று, வரி இருக்கட்டும் அவிரா, மூன்றென்ன, முப்பது பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்றார்.

ஜனவரியில் மெத்ரான் பிஷப் வந்து புத்தகத்தை வெளியிட்டார். பந்தலில் எல்லோரும் பின்பக்க அட்டவணையைத் திறந்து தங்கள் பெயரைத் தேடினார்கள். கண்டுபிடித்தவர்கள் மூடி வைத்துவிட்டுப் பிரியாணிக்குப் போனார்கள். பெண்ணம்மாவின் பக்கத்தை அன்று யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

ஒரு பிரதியை அவிராச்சன் தபாலில் நிலம்பூருக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து ஷைலஜா கூப்பிட்டாள். புத்தகம் வந்தது, படித்தேன், அம்மாவின் கையில் வைக்கிற மாதிரி மரத்தடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன் என்றாள். பிறகு தயங்கினாள்.

"சாயங்காலம் அங்க ஒரு விளக்கு வைக்கிறேன் அம்மாவா. அம்மா பேரைச் சொல்லிடறேன். அக்காவுக்கு எதைச் சொல்ல?"

அடுக்களையில் ரோசக்குட்டி சீனச்சட்டியை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

"மூணையும் சொல்லு," என்றார். "எது அவளோ அது திரும்பிப் பாக்கட்டும்."

"மத்த ரெண்டு?"

அவிராச்சன் மேசைமேல் கிடந்த புத்தகத்தை இழுத்து, அந்த வரி இருந்த பக்கத்தைத் திறந்தார். சரி, மூன்றையும் சொல்கிறேன் என்று சொல்லி ஷைலஜா போனை வைத்தாள்.